காட்டு விலங்குக்கும் ஒரு பங்கு

(வானொலியில் ஒலிபரப்பான படைப்பின் காலச் சிந்தனை)

இறைவார்த்தை: விடுதலைப் பயணம் 23:10-11



கார் அறுவடை முடிந்து, பிசானத்துக்கு நாற்றங்கால் போடும் நாட்கள் இவை. அடவிநயினார் அணைத் தண்ணீரை நம்பி வடகரை, அச்சன்புதூர் வயல்களில் உழவு தொடங்கப் போகிறது. விதைக்குப் பணம் எடுத்து வைக்கும்போதே மருந்தடிக்கவும் சேர்த்து எடுத்து வைக்கிறோம். இந்த வேளையில் விடுதலைப் பயண நூலின் ஒரு சட்டத்தைச் சிந்திப்போம்.

ஆறு ஆண்டுகள் நிலத்தில் பயிரிடலாம்; ஏழாம் ஆண்டு அதைத் தரிசாக விட வேண்டும் என்கிறார் ஆண்டவர். அதில் விளைவதை ஏழைகள் உண்ண வேண்டும். அவர்கள் விட்டுவைப்பதைக் காட்டு விலங்குகள் உண்ண வேண்டும். ஏழைகளின் பங்கைப் பற்றி நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதே வசனத்தில் உள்ள விலங்குகளின் பங்கைக் கவனிக்காமல் கடந்து போயிருக்கிறோம்.

“வடகரைத் தோப்புக்காரரிடம் போய் இதைச் சொல்லுங்கள் பார்ப்போம்” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மலையிலிருந்து இறங்கும் யானைகள் தென்னையையும் வாழையையும் மாவையும் சாய்த்துப் போடுகின்றன. பிள்ளையைப் போல வளர்த்த தென்னை ஒரே இரவில் விழுந்து கிடப்பதைப் பார்ப்பவரிடம் உபதேசம் செய்வது எளிது. அந்த இழப்பை ஒரு குடும்பம் மட்டும் சுமக்கட்டும் என்று விட்டுவிடுவது நீதியல்ல. ஆண்டவர் அந்தச் சட்டத்தை ஒரு உழவருக்கு மட்டும் கொடுக்கவில்லை, ஒரு மக்களினம் முழுமைக்கும் கொடுத்தார். ஆகவே இழப்பீடு கேட்டு அவர் அலையும்போது உடன் செல்வதும் நம் பங்கின் கடமையே.

ஆனால் வேலிக் கம்பியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவது தீர்வாகாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன; இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதரையும் அதே கம்பி கொல்லும்.

யானையின் சாவு செய்தியாகிறது. வயலுக்குள் சத்தமில்லாமல் சாகிறவை எத்தனையோ! நெற்பயிரைக் காய வைக்கும் புகையான் பூச்சியை எடுத்துக்கொள்வோம். அது இலையுறைக்குள் முட்டையிடுகிறது. நாம் அடிக்கும் மருந்து அந்த முட்டையை அவ்வளவாகத் தொடுவதில்லை. வெளியே நடமாடி புகையானைத் தின்னும் சிலந்திகளைக் கொன்றுவிடுகிறது. சில நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. அவற்றைப் பிடித்துத் தின்ன யாருமில்லை. மறுபடியும் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். யூரியா மிகுந்தால் புகையானுக்கு இன்னும் கொண்டாட்டம். இந்தோனேசியா இதே சுழலில் சிக்கியது. 1986-இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது. விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை, கூடியது.

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. வெளிநாட்டு விருந்துகளுக்காகத் தவளைக் கால்களைக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்தோம். வயல்களில் பூச்சியைத் தின்னும் தவளைகள் குறைந்துவிடும் என்ற கவலை எழுந்தது. 1987-இல் அந்த ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. இன்று தவளையைச் சட்டப்படி யாரும் ஏற்றுமதி செய்வதில்லை. மருந்தும் களைக்கொல்லியும் கலந்த வயல் தண்ணீரே அதன் வாழ்வைக் கெடுக்கிறது. தவளையும் நண்டும் மீன்குஞ்சும் இல்லாத வயலில் கொக்குக்கு என்ன வேலை? நஞ்சால் அழியும் பூச்சிகளும் பறவைகளும் உழவுக்கே உதவுகிறவை என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தந்த ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் நினைவூட்டினார்.

ஓர் ஆண்டு முழுவதும் வயலைத் தரிசாகப் போட நம்மால் இயலாது. கடன்காரர் காத்திருக்க மாட்டார். ஆனால் ஒரு பங்கு விட முடியும். நட்ட முதல் நாற்பது நாட்கள், தவக்காலம் போலவே எண்ணி, பூச்சிமருந்தைத் தொடாதிருக்க முயல்வோம். அந்த வயதில் இலையைப் பூச்சி கொஞ்சம் கடித்தாலும் பயிர் தானே தேறிவிடும். அதிகம் என்று தோன்றினால், கடைக்காரரைக் கேட்கும் முன் வேளாண்மை அலுவலரிடம் காட்டுவோம். வரப்பில் களைக்கொல்லி அடிக்காமல் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றுவோம். சிலந்திகளுக்கு அது வீடு. வயலில் கவட்டைக் கம்புகளை நட்டால் கரிச்சான் வந்து அமர்ந்து பூச்சி பிடிக்கும். அதற்குக் கூலி இல்லை.

வானத்துப் பறவைகளை உற்றுநோக்கச் சொன்னார் இயேசு. நம் பிள்ளைகள் உற்றுநோக்க நம் வயலில் பறவைகள் இருக்க வேண்டாமா?

மன்றாடுவோம்: படைப்பின் ஆண்டவரே, நிலம் உம்முடையது, நாங்கள் உம்மிடம் குத்தகைக்கு இருப்பவர்கள். எங்கள் உழைப்பை ஆசீர்வதியும். யானையால் பயிரிழந்தவர்களுக்கு ஆறுதலும் உரிய நீதியும் தாரும். எங்களோடு வாழும் சிற்றுயிர்களுக்கு அவற்றின் பங்கை விட்டுக்கொடுக்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.