ஐஸ் ஹவுஸ்



என் இளமையில் செய்யாற்றுச் சோடாக் கடைக்காரர் பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்துச் சாக்கால் மூடிவைப்பார். ஒரு துண்டு வாங்கி வீடு சேர்வதற்குள் பாதி கரைந்துவிடும். அதே மரத்தூளை நம்பித்தான் போஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர், உறைந்த ஏரிகளை அறுத்தெடுத்துக் கடல்கடந்து விற்றார். 1833இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட 180 டன்னில், 4 மாதப் பயணத்துக்குப் பின்னும் ஏறத்தாழ 100 டன் எஞ்சியதாம்!

சென்னைக் கடற்கரையில் அவருடைய பனிக்கட்டிக் கிடங்கு 1842இல் எழுந்தது. வெள்ளையர் கோப்பையைக் குளிர்விக்கவே எழுந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இந்நாட்டிலேயே இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அவ்வணிகம் அற்றது. கட்டடத்தை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி இல்லமாக்கினார். 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார்.

எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது பின்னர் நிகழ்ந்தது. தாமும் இளமையிலேயே கைம்பெண்ணான சகோதரி சுப்புலட்சுமி, விவரம் அறியாப் பருவத்தில் தாலியிழந்த சிறுமியரை அங்கே தங்கவைத்துப் படிக்கச் செய்தார். வீட்டு மூலையே கதியென்று ஒதுக்கப்பட்டிருந்த அவர்களுள் பலர் ஆசிரியைகளாக வெளியே வந்தனர்.

1963இல் அம்மாளிகை விவேகானந்தர் இல்லம் என்று பெயர்பெற்றது. திருவல்லிக்கேணி மக்களோ அப்பகுதியை இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே அழைக்கின்றனர்.