இறங்காத எடையும் அடங்காத பசியும்

நாட்றாம்பாளையம், அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஓசூரில் அறை எடுத்துத் தங்கி, கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் சிலர் என்னிடம் வந்து, "ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுட்டேன் டாக்டர், எடை இறங்கவே மாட்டேங்குது" என்பார்கள். கூட வந்த அம்மா சும்மா இருக்க மாட்டார். "பொய் சொல்லுது சார். வாயைக் கட்டுனா ஏன் இறங்காது?"

அந்த அம்மாவுக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப்போகிறேன்.

1994இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் என்ற ஹார்மோனுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். நம் உடம்பிலுள்ள கொழுப்பே இதைச் சுரக்கிறது. ரத்தத்தின் வழியே மூளைக்குப் போய், கையிருப்பு போதும் என்று தெரிவிப்பது இதன் வேலை. சரி, லெப்டினே சுரக்காவிட்டால் என்ன ஆகும்?

1997இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்டீபன் ஓராஹிலி, சதாஃப் ஃபரூக்கி குழுவினர் பாகிஸ்தான் வம்சாவளியில் வந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பெண்ணுக்கு 8 வயது, எடை 86 கிலோ. அவளுக்குத் தம்பி முறையான பையனுக்கு 2 வயது, 29 கிலோ. பிறந்தபோது இருவருமே சாதாரண எடைதான். ரத்தத்தில் லெப்டின் இல்லாததால், எவ்வளவு சாப்பிட்டாலும் மூளைக்குப் பட்டினிதான். பிறகு அந்தப் பெண்ணுக்கு லெப்டின் ஊசி போட்டார்கள். சில நாட்களில் பசி அடங்கியது; ஓராண்டில் 16 கிலோ குறைந்தது. நேயர்களே, அந்தக் குழந்தைக்கு யாரும் மனக்கட்டுப்பாடு கற்றுக்கொடுக்கவில்லை. இல்லாத ஹார்மோனைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அந்தக் குழந்தைகளின் பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்கள். நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமும் அக்கா மகளைக் கட்டுவது, அத்தை மகனைக் கட்டுவது இன்னும் இருக்கிறது. தாத்தா பாட்டியிடம் மறைந்திருந்த பழுதான மரபணு ஒன்று, தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் வந்து ஒரே குழந்தையிடம் சேர சொந்தத்தில் வாய்ப்பு கூடுதல். பயப்படாதீர்கள், இது மிக மிக அரிது. ஆனால் பால்குடி வயதிலேயே ஓயாத பசி, மளமளவென்று ஏறும் எடை என்றால், "கொழுகொழுன்னு இருக்கான்" என்று கொஞ்சிவிட்டு இருந்துவிட வேண்டாம்.

நான் பார்த்த ஒரு சிறுவன் வீட்டில், பாட்டி சமையலறைக்கே பூட்டுப் போட்டிருந்தார். அவன் திண்ணையில் ஊறவைத்திருந்த அரிசியை அள்ளித் தின்றிருக்கிறான். அதற்கு அடி வேறு. பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுக்கும் முன் பாட்டியிடம் சொன்னேன்: "இது திருட்டு இல்லம்மா, நோயா இருக்கலாம். இனிமே அடிக்காதீங்க." பாட்டி அழுதுவிட்டார்.

சாதாரணமாகப் பருமனாக இருப்பவர்களுக்கு லெப்டின் ஏராளமாக இருக்கிறது, அதனால் அந்த ஊசி உதவாது. ஆனால் அவர்கள் எடையைக் குறைக்கக் குறைக்க லெப்டினும் குறையும். உடம்பு பஞ்சம் வந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும், எரிக்கும் சக்தியைக் குறைக்கும். "முதல்ல நாலு கிலோ இறங்குச்சு, அப்புறம் நின்னுபோச்சு" என்று உங்கள் மகள் சொன்னால், அம்மா, அது பொய் இல்லை.

2007இல் எஃப்டிஓ என்ற மரபணுவுக்கும் உடல் பருமனுக்கும் உள்ள தொடர்பு தெரியவந்தது. அதன் ஒரு வடிவத்தைத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பெற்ற ஐரோப்பியர்கள் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை இருந்தார்கள். சென்னையில் டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்த மரபணுவுக்கு நம் மக்களின் பருமனோடும் தொடர்பு இருப்பதைக் கண்டது. உடலுழைப்பு இல்லாதவர்களிடம்தான் அதன் பாதிப்பு கூடுதல். மலைக்காட்டில் ராகி விதைத்து, களி தின்று, ஏறி இறங்கிய தாத்தாவுக்கும் இதே மரபணு இருந்திருக்கலாம். பேத்திக்குக் கம்பெனியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்த வேலை, நைட் ஷிப்ட், தூக்கக் குறைவு.

நேரம் ஓடிவிட்டது. மற்றதைச் சுருக்கிச் சொல்கிறேன். தைராய்டு குறைந்தாலும் எடை ஏறும், பெரும்பாலும் சில கிலோதான். டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரமாவது கழித்து டீ குடியுங்கள். டீயோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. மாதவிலக்கு தள்ளிப்போய், முகத்தில் முடியும் வளர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். இன்சுலின், சில வலிப்பு மாத்திரைகள், சில மனநல மருந்துகளாலும் எடை கூடும். மூட்டுவலிக்கென்று சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும், அதுவும் எடையைக் கூட்டும். எதையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அது ஆபத்து.

டாக்டரிடம் போகும்போது, சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அந்த அம்மாவும் மகளோடு கண்டிப்பாக வர வேண்டும், குடும்பத்தில் யார் யாருக்குச் சர்க்கரை, யாருக்குத் தைராய்டு என்று அவருக்குத்தான் தெரியும். வருவார் என்று நம்புகிறேன்.