ஆறும் ஒன்பதும்



திருவண்ணாமலைப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, "உங்கள் ஊரை வரையுங்கள்" என்று சொன்னால், பெரும்பாலோர் வரைவது மலையையும் கோபுரத்தையும்தான். அதில் வியப்பில்லை. பதினொரு நிலைகளோடு 217 அடி உயர்ந்து நிற்கும் கிழக்கு இராஜகோபுரத்தையும், அதன் பின்னே எழும் மலையையும் நாள்தோறும் காணும் கண்கள் வேறு எதை முதலில் நினைக்கும்? ஆனால் படங்கள் ஒன்றுபோல் இருந்தால், நடுவராக அமர்பவன்பாடு திண்டாட்டந்தான். அந்தத் திண்டாட்டத்தை ஒரு முறை நானே அடைந்தேன். அதை உங்களிடம் சொல்ல வேண்டும்.

அந்த ஊரின் நூலகம் ஒன்றில் சிறுவர் ஓவியப் போட்டி நடந்தது. நடுவர்கள் பெயரைப் பார்த்துப் பரிசு கொடுத்தார்கள் என்ற பேச்சு எழக் கூடாதல்லவா? ஆகவே தாளின் பின்புறத்தில் பெயருக்குப் பதிலாக எண் மட்டும் எழுதும்படி சொன்னோம். எந்த எண் எந்தப் பிள்ளைக்கு உரியது என்பது நூலகரின் குறிப்பேட்டில் இருந்தது. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான்.

முதற் பரிசுக்கு உரிய படத்தில் எல்லோரும் ஒருமனப்பட்டோம். கோபுர வாயிலில் பூக்கட்டும் ஒரு மூதாட்டியின் படம் அது. கோபுரம் அவள் தலைக்குப் பின்னால் ஒரு நிழலாக மட்டும் தெரிந்தது. நான் தாளைத் திருப்பினேன். "ஆறு" என்று உரக்கப் படித்தேன். நூலகர் பெயரைச் சொன்னார். கைதட்டலுக்கிடையே ஒரு சிறுவன் மேடைக்கு வந்து பரிசு நூலைப் பெற்றுக்கொண்டான். அருகில் நிறுத்தியிருந்த படத்தை அதன் பிறகுதான் பார்த்தான்.

"ஐயா, இது என் படம் இல்லை" என்றான்.

தாளின் முன்புறத்தில் மேல் எது, கீழ் எது என்பதைப் படமே சொல்லிவிடும். பின்புறத்தில் அதைச் சொல்ல யாரும் இல்லை. நான் தாளைத் தலைகீழாகத் திருப்பி, ஒன்பதை ஆறாகப் படித்துவிட்டேன்!

"இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். அவனிடமே இருக்கட்டும். அந்தப் பெண்ணுக்கு வேறொரு பரிசை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்" என்று ஒருவர் என் காதோடு சொன்னார். அந்த யோசனை ஒரு கணம் எனக்கும் இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். சிறுவனோ அதற்குள் நூலை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தான். ஒன்பதாம் எண்ணுக்கு உரிய சிறுமி வாயிலில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு நிமிடம் தாமதித்திருந்தால், அவள் தன் படம் தோற்றதென்றே நம்பி வீடு சென்றிருப்பாள். எழுந்து நின்று, "பிழை என்னுடையது, எண்ணைத் தலைகீழாகப் படித்துவிட்டேன்" என்றேன். சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சிறுமி திரும்பி வந்தாள்.

இத்தகைய பிழை நம் சிற்றூர்களுக்கே உரியது என்று எண்ணாதீர்கள். 1961இல் நியூயார்க்கின் நவீனக் கலைக் கூடத்தில், புகழ்பெற்ற ஓவியர் மத்தீஸ் படைத்த "படகு" என்ற படம் 47 நாள்கள் தலைகீழாகவே தொங்கியது. அதைக் கண்டுபிடித்தவர் கூடத்து அறிஞர் அல்லர். பார்க்க வந்த ஒரு பெண்மணி. அவர் சொன்ன பிறகுதான் படம் நேராக்கப்பட்டது. பெரிய இடமாயினும் பிழை வரும். சுட்டிக்காட்டுபவர் சொல்லுக்குச் செவிசாய்ப்பதே பெருமை.

எனினும் என் பிழை நூலகத்தில் நிகழ்ந்தது என்பதுதான் என்னை அதிகம் நாணச் செய்தது. ஏனெனில், எண்ணை ஒழுங்காகக் கையாள உலகத்துக்குக் கற்பித்த இடம் நூலகம் அல்லவா? சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கே உரிய இடத்தைக் காட்டுகிறது. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியதற்கும் அவருடைய உழைப்பு துணை நின்றது. ஆயிரக்கணக்கான நூல்கள் தத்தம் எண்ணோடு பிசகாமல் நின்ற அலமாரிகளுக்கு நடுவே, ஒரு சின்னஞ்சிறு எண்ணை நான் பிசகவிட்டேன்.

நாளை நீங்களும் இத்தகைய போட்டிகளை நடத்துவீர்கள். ஆறு, ஒன்பது ஆகிய எண்களின் அடியில் ஒரு கோடு இழுங்கள். தாளின் பின்புறத்தில் "மேல்" என்று குறியுங்கள். பெயரை அறிவிக்குமுன் படத்தைப் பிள்ளையிடம் காட்டி, "இது நீ வரைந்ததுதானா?" என்று கேளுங்கள். அத்தனைக்குப் பின்னும் பிழை நேர்ந்தால், அது எந்தச் சபையில் நேர்ந்ததோ, அந்தச் சபையிலேயே திருத்துங்கள். சபையில் செய்த பிழைக்கு வீட்டில் சொல்லும் சமாதானம் ஈடாகாது.

அண்ணாமலையின் தலபுராணமும் ஒரு போட்டியின் கதைதான். முடியைக் காணாத பிரமன் கண்டதாகச் சொல்ல, தாழம்பூ அதற்குப் பொய்ச் சாட்சி கூறியது. அதனால் பூசைக்கு ஆகாத பூவாயிற்று என்பர். அதே மலையின் அடியில், கைக்கு வந்த பரிசைத் தனக்கு உரியதன்று என்று திருப்பி வைத்தான் ஒரு சிறுவன்.

கூட்டம் கலைந்த பின்பு அவனுடைய படத்தைத் தேடி எடுத்தேன். எல்லோரையும் போல அவனும் கோபுரத்தையே வரைந்திருந்தான். பரிசுக்கு உரிய படமன்று. ஆனால் மற்றவர் ஏழு நிலை, ஒன்பது நிலை என்று மனம்போல் வரைந்திருக்க, அவன் கோபுரத்தின் நிலைகளை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று சரியாக இருந்தது.