ஈரத்தை விரட்டினால் குளிர் போகும்

(சிட்லபாக்கத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பாகப் பேசியது. வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



'வீட்டில் குளிரை எப்படிச் சமாளிப்பது' என்று பேச எழுந்ததுமே முன்வரிசையில் ரெண்டு பேர் சிரிச்சுட்டீங்க. சிரிக்க வேண்டியதுதான். வருஷத்தில் பத்து மாசம் வேர்வையில் குளிக்கிற ஊர் நம்ம ஊர். மார்கழி ராத்திரியில்கூட இங்கே 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஊட்டிக்காரங்க கேட்டா, "இதுவா குளிர்?" என்பாங்க. நாங்களும் அப்படித்தான் நினைச்சிருந்தோம், 2015 டிசம்பர் வரைக்கும்.

அந்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. சிட்லபாக்கம் ஏரிக்குக் கீழே இருக்கிற தெருக்களில் இடுப்பளவு தண்ணி. கரண்ட் இல்லை. எங்கள் குழுவில் மூணு குடும்பம் ஒரு உறுப்பினரோட மாடி வீட்டில் ஒதுங்கினோம். முதல் ராத்திரி தண்ணி ஏறுமா, பாம்பு வருமா என்கிற பயத்திலேயே போச்சு. ரெண்டாவது ராத்திரிதான் குளிர் தெரிஞ்சுது. கட்டின புடவை ஈரம், தரை ஈரம், சுவர் ஈரம். பல்லு கிட்டிப் போச்சு.

அந்த அறையில் பிறந்து பன்னிரண்டே நாளான ஒரு குழந்தை இருந்தது. எழுபது தாண்டிய ஒரு பாட்டியும் இருந்தாங்க. அவங்க ரெண்டு பேருக்காகத்தான் அந்தக் காரியத்தைச் செஞ்சோம். ஜன்னலை எல்லாம் சாத்தி, கதவு இடுக்கில் துணி அடைச்சு, கும்முட்டி அடுப்பில் கரியைப் பற்ற வைத்து நடு அறையில் வச்சோம். பிரசவமான வீட்டில் கட்டிலுக்கு அடியில் நெருப்புச் சட்டி வைக்கிறது நம்ம பக்கத்தில் பழக்கம்தானே. கரி நல்லா கனிஞ்சு, புகையே இல்லாமல் சிவப்பா இருந்தது. "புகை இல்லை, இனி பயமில்லை" என்று படுத்துட்டோம்.

நடுராத்திரியில் ஒவ்வொருத்தருக்கா தலைவலி. ஒருத்திக்கு வாந்தி. சாயங்காலம் வந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திட்டினோம், கெட்டுப்போன சாம்பார் என்று. வாந்தி எடுக்க வெளியே போன அக்கா கதவைத் திறந்தவங்க, வாசப்படியிலேயே மயங்கி விழுந்தாங்க. அவங்க விழுந்ததால் கதவு திறந்தே கிடந்தது. அவங்களைத் தூக்கப்போன நாலு பேருக்கும் வெளிக்காத்து பட்டதும் தலை தெளிஞ்சுது. அப்புறம்தான் அடுப்பைப் பற்றி யோசனையே வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் மாடிப்படிக்கு ஓடினோம். அந்த அக்கா வாசப்படியில் விழாமல் உள்ளேயே விழுந்திருந்தால் இன்று இங்கே பேச நாங்கள் இல்லை.

இதை எல்லார் முன்னாடியும் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கு. தப்பு எங்களுடையதுதான். ஆனா சொல்லித்தான் ஆகணும். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு வரும். அதுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நாம் மூச்சில் இழுக்கிற பிராணவாயுவை ரத்தம் பிடித்துக்கொள்வதைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பிறகு உடம்புக்குப் பிராணவாயு எங்கே கிடைக்கும்? தூக்கம் மாதிரியே வந்து ஆளைக் கொண்டுபோயிடும். கனிஞ்ச கரியில் புகை இருக்காதே தவிர, இந்த வாயு இருக்கும். 2024-ம் வருஷம் கொடைக்கானலில் தங்கும் அறையில், கறி சுட்ட கரி அடுப்பை உள்ளே வைத்துத் தூங்கிய ரெண்டு இளைஞர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. மலையூரில் குளிர்காலம்தோறும் இந்தப் பயம் உண்டு.

ஒரே வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வந்தால் சாம்பாரைச் சந்தேகப்படாதீங்க. முதலில் கதவைத் திறங்க, ஆளை வெளியே கொண்டு வாங்க, 108-க்கு போன் போடுங்க. கரண்ட் போனால் சிலர் வாடகை ஜெனரேட்டரை மாடிப்படிக்கு அடியில் வைக்கிறாங்க. அதிலிருந்தும் இதே வாயுதான் வரும். குழந்தைக்குச் சாம்பிராணி போடுகிறவங்களும் கதவைச் சாத்திக்கொண்டு போட வேண்டாம்.

அப்போ நெருப்பு இல்லாமல் குளிருக்கு என்னதான் வழி? "ரூம் ஹீட்டர் வாங்க உள்கடன் கிடைக்குமா?" என்று போன மாசம் ஒரு தங்கை கேட்டாள். 2000 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓடினால் 16 யூனிட். ஆறு ராத்திரிக்கு 96 யூனிட் ஆச்சு. கரண்ட் பில்லுக்கு இன்னொரு உள்கடன் வாங்கணும். அதோடு மழையில் முதலில் போறதே கரண்ட்தான்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு மருத்துவ முகாமுக்கு வந்த ஒரு செவிலியம்மா எங்களிடம் ஒரு கேள்வி கேட்டாங்க: "ராத்திரி நீங்க கட்டியிருந்தது ஈரப் புடவையா, காய்ந்ததா?" ஈரம்தான். "அதான் குளிர். காத்து உடம்புச் சூட்டை எடுக்கிறதைவிடத் தண்ணி இருபத்தஞ்சு மடங்கு வேகமா எடுக்கும். துணி காயக் காய உங்க சூட்டைக் குடிச்சுத்தான் காயும்" என்றாங்க. மண்பானைத் தண்ணி எப்படிக் குளிருதோ அப்படியேதான் ஈரப் புடவைக்குள்ளே நாமும் குளிர்றோம். இது புரிந்ததும் பாதி வேலை முடிஞ்சுது. நாம் வீட்டைச் சூடாக்க வேண்டியதில்லை. உடம்பே ஒரு அடுப்பு. அந்தச் சூட்டை வெளியே விடாமல் இருந்தால் போதும்.

முதலில் ஈரத்துணியை மாத்தணும், தலையைத் துவட்டணும். ஆம்பளைங்க இருக்கிற இடத்தில் எப்படி மாத்துறது என்று கூச்சப்பட்டு ராத்திரி முழுக்க ஈரத்தோடு உட்கார்ந்திருந்தவங்க நாங்க. அடுத்த முறை ரெண்டு பேர் ஒரு போர்வையைத் திரை மாதிரிப் பிடிச்சுக்கிட்டோம். இவ்வளவுதான் விஷயம்.

அடுத்தது தரை. சிமெண்ட் தரையும் டைல்ஸும் கீழிருந்து சூட்டை உறிஞ்சும். மேலே ரெண்டு போர்வை போர்த்திக்கொண்டு கீழே வெறும் பாயில் படுத்தால் பிரயோஜனமில்லை. காய்ந்த சாக்கு, அதன் மேல் நாலைந்து மடிப்பு செய்தித்தாள் இல்லைன்னா அட்டைப்பெட்டியைப் பிரிச்ச அட்டை, அதன் மேல் கோரைப்பாய். அட்டைக்கு நடுவில் அடைபட்டிருக்கிற காத்துதான் சூட்டைக் காப்பாத்துது. சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டுக்காரங்களுக்கு இன்னொரு தொல்லை. கீத்துக் கொட்டகையில் இருக்கிற கதகதப்பு ஷீட்டுக்குக் கீழே இருக்காது, ராத்திரியில் மேலே ஜில்லென்று இறங்கும். ஷீட்டுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுப் பழைய புடவையை விதானம் மாதிரி இழுத்துக் கட்டினால் வித்தியாசம் தெரியும். அடுப்புக்கும் பல்புக்கும் தூரமாகக் கட்டணும். கொசுவலையும் காத்து வேகத்தைக் கொஞ்சம் தடுக்கும். டெங்குக்கும் ஆச்சு, குளிருக்கும் ஆச்சு.

போர்வை விஷயத்தில் நாம் ஏமாறுகிறோம். கனமான ஒன்றைவிட மெல்லிசா ரெண்டு மேல். எங்கள் குழுவில் தையல் தெரிந்த நாலு பேர் பழைய பருத்திப் புடவை நாலை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஊசி நூலால் ஓட்டுத்தையல் போட்டோம். வங்காளத்தில் இதையே காந்தா என்று சொல்லி நல்ல விலைக்கு விற்கிறாங்க. நம்ம பாட்டிமாருக்கு இது தெரிந்ததுதான், நாமதான் கடையில் வாங்கும் நைலான் போர்வைக்கு மாறிட்டோம். ஒரு போர்வைக்கு மூணு மத்தியானம் ஆச்சு. செலவு ஒரு நூல் கண்டுதான். சீரியல் பார்க்கிற நேரத்தில் முடிச்சுட்டோம் என்பதையும் ஒத்துக்கிறோம்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லணும். மிளகு ரசம், சுக்குக் கஷாயம் தொண்டைக்கு இதம், வேண்டாம் என்று சொல்லலை. ஆனா உடம்புக்குச் சூடு வருவது சோறு, கேழ்வரகுக் கஞ்சி, கடலை, எண்ணெய் இதிலிருந்துதான். பிள்ளைகளுக்குக் கொடுத்துட்டு "எனக்குப் பசியில்லை" என்று படுக்கிறோம் பாருங்க, அந்த ராத்திரிதான் நமக்கு நடுக்கம் ஜாஸ்தி. இன்னொன்று, வீட்டு ஆம்பளைங்க சொல்கிற "குளிருக்கு ஒரு கட்டிங்". சாராயம் உள்ளே போனால் தோலுக்கு ரத்தம் ஓடிவந்து சூடு மாதிரி தெரியும். உண்மையில் உள்சூடு அந்த வழியாகவே வெளியே போயிடும். இதை வீட்டில் சொல்லிப் பார்த்தோம். கேட்டாங்களா என்பது வேறு கதை.

இப்போ அந்தக் குழந்தை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது அது அழுகையை நிறுத்திடுச்சு. பால் குடிக்கவும் இல்லை. பிறந்த குழந்தைக்கு நம்ம மாதிரி நடுங்கிச் சூடு பண்ணிக்கத் தெரியாது. தலை பெரிசு, உடம்பு சிறிசு, சீக்கிரம் குளிர்ந்துபோகும். கூட இருந்த ஒரு அண்ணி, அவங்க பிள்ளை எடை குறைவாப் பிறந்தப்போ ஆஸ்பத்திரியில் கத்துக்கிட்டதை அன்றைக்குச் செஞ்சாங்க. குழந்தையோட ஈரத்துணியை அவிழ்த்து, தாயோட ரெண்டு மார்புக்கும் நடுவில் தோலோடு தோலாக ஒட்டி வைத்து, குழந்தை தலைக்குக் காய்ந்த துணியில் குல்லா மாதிரிக் கட்டி, ரெண்டு பேரையும் சேர்த்துப் போர்த்தினாங்க. முக்கால் மணி நேரத்தில் குழந்தை வாயைத் திறந்து பால் தேடுச்சு. இதுக்குக் கங்காரு முறை என்று பேர். 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் பத்தாமல் போன ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ஆரம்பித்து வைத்தது. இன்று உலக சுகாதார நிறுவனமே செய்யச் சொல்கிறது. தாய்க்கு முடியாவிட்டால் அப்பா, பாட்டி யாரும் வைத்துக்கொள்ளலாம்.

குழந்தைக்குக் குளிர் பிடிச்சிருக்கா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் இல்லைன்னா, புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்க. ரெண்டும் கதகதப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாக, பாதம் ஜில்லென்று இருந்தால் உடனே கங்காரு முறையில் போடணும். வயிறும் ஜில்லென்றால் நெஞ்சில் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். பிறந்த அன்றைக்கே குளிப்பாட்டும் பெரியவங்களிடம் ஒரு நாளாவது பொறுக்கச் சொல்லுங்க. வெந்நீர் பாட்டிலைக் குழந்தை பக்கத்தில் வைக்காதீங்க. சர்க்கரை வியாதிக்காரங்க காலிலும் வைக்காதீங்க, மரத்த காலில் சுடுவது தெரியாது.

பாட்டி விஷயத்தில்தான் நாங்கள் ரொம்ப ஏமாந்தோம். விடியற்காலம் அவங்களுக்கு நடுக்கம் நின்னுபோச்சு. "அப்பாடா, குளிர் விட்டுடுச்சு, நல்லாத் தூங்குறாங்க" என்று சந்தோஷப்பட்டோம். எழுப்பினால் பேச்சு குழறுது, பெத்த மகளையே யார் என்று கேட்கிறாங்க. வயசானவங்களுக்கு நடுக்கம் நிற்பது குளிர் விட்டதால் அல்ல, நடுங்கக்கூட உடம்பில் தெம்பில்லாமல் போனதால். 35 டிகிரிக்குக் கீழே உடம்புச் சூடு போனால் இப்படி ஆகும். நாங்களோ கையையும் காலையும் பரபரவென்று தேய்த்தோம். அது கூடாதாம். ஈரத்தை மாத்தி, முதலில் நெஞ்சையும் வயிற்றையும் போர்த்தி, நல்ல நினைவிருந்தால் மட்டும் இனிப்புப் போட்ட சூடான பால், அசைக்காமல் பதமாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி. அன்றைக்குக் காலையில் படகு வந்தது, பாட்டி பிழைச்சாங்க. அதுக்கப்புறம் நாலு வருஷம் இருந்து பேத்தி கல்யாணம் பார்த்துட்டுத்தான் போனாங்க.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் தண்ணி வந்தது, மறுபடியும் கரண்ட் போச்சு. அதே மாடி, அதே அறை. ஆனால் ஐப்பசியிலேயே ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் ஒரு மூட்டை தயாராக இருந்தது. கெட்டி பாலித்தீன் பையில் ரெண்டு தையல் போர்வை, வீட்டில் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாத்துத் துணி, ஒரு துண்டு, குழந்தை இருந்தால் குல்லா, பொட்டுக்கடலை, வெல்லம். வாயை இறுக்கிக் கட்டி, அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டிருந்தோம். ஜன்னலில் ஒரு கதவைத் திறந்தே வச்சோம். கும்முட்டி அடுப்பு மொட்டைமாடி ஷெட்டில் வெந்நீர் வைக்க மட்டும் எரிஞ்சுது. பதினொரு பேர் ஒரே அறையில் நெருக்கிப் படுத்தோம், குழந்தைகளை நடுவில் போட்டுக்கொண்டு. குறட்டைச் சத்தத்தைத் தவிர வேறு தொந்தரவு இல்லை.

மழை விட்ட பிறகும் ஒரு வேலை இருக்கு. வெயில் அடிக்கும்போது எல்லா ஜன்னலையும் திறந்து சுவரைக் காய விடுங்க. படுக்கிற அறையில் கொடி கட்டி ஈரத்துணி காயப் போடாதீங்க, அந்த ஈரமெல்லாம் ராத்திரி நம்ம போர்வையில்தான் வந்து சேரும். தலையணையும் மெத்தையும் நல்லாக் காயாமல் உள்ளே எடுக்க வேண்டாம்.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ரெண்டு பழைய பருத்திப் புடவை கொண்டு வாங்க. நைலக்ஸ் வேண்டாம், ஊசி ஏறாது. தையல் தெரிந்த நாலு பேரும் பத்து மணிக்கே வந்துடுவோம். சந்தா வசூல் முடிந்ததும் ஓட்டுத்தையல் ஆரம்பம். முதல் ரெண்டு போர்வையை நம்ம கூட்டமைப்பில் இந்த மாசம் பிரசவமாகப்போகிற ரெண்டு தங்கைகளுக்குக் கொடுப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிட்டோம்.