பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்!

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இறைச்சி வாங்கும்போது முறைப்படி அறுக்கப்பட்டதா என்று கேட்கிறோம். சந்தேகம் வந்தால் வாங்காமல் திரும்பி விடுகிறோம். ஆனால் பள்ளிக்கூட வாசலில் உள்ள பெட்டிக்கடையில் நம் பிள்ளை பத்து ரூபாய் கொடுத்து ஒரு பாக்கெட் வாங்குகிறதே, அங்கே கேட்பது யார்? நீங்களும் இல்லை, நானும் இல்லை. அந்தப் பிள்ளைதான் கேட்டாக வேண்டும். கேட்பதற்கு, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்.

முன்பக்கம் வியாபாரி பேசும் பக்கம். அங்கே பழத்தின் படம் இருக்கும், பொம்மை இருக்கும். பின்பக்கம் சட்டம் வியாபாரியைப் பேச வைக்கும் பக்கம். நம் பிள்ளைகள் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள்?

"பச்சைப் புள்ளி இருந்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்லும். சர்க்கரையைப் பற்றியோ உப்பைப் பற்றியோ சொல்லாது. அசைவத்தைக் குறிக்கும் பழுப்பு முக்கோணமோ எந்தப் பிராணி என்று சொல்லாது. மிட்டாயில் சேர்க்கும் ஜெலட்டின் மாட்டிலிருந்தும் வரும், பன்றியிலிருந்தும் வரும். 120 என்ற எண் ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயத்தைக் குறிக்கும். இந்தச் சேர்மானங்களின் பெயரும் எண்ணும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

பிள்ளைக்கு மூன்று பாடம் போதும்.

முதல் பாடம், சேர்மானப் பட்டியல். எடையில் அதிகமானதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதலிடத்தில் சர்க்கரை என்றிருந்தால் அந்தப் பாக்கெட்டில் அதிகம் இருப்பது சர்க்கரைதான். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ் என்று வேறு பெயர்களிலும் அது வரும்.

இரண்டாவது பாடம், கணக்கு. 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை என்று போட்டிருக்கிறது. பாட்டிலோ 250 மில்லி. பெருக்கினால் 27.5 கிராம். ஆறேழு தேக்கரண்டி! பெரியவர்களுக்கே ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு வராதா?

மூன்றாவது பாடம், காலாவதித் தேதியும் 14 இலக்க உரிம எண்ணும்.

100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு உறைகளுக்கு இதில் பல விவரங்களை அச்சிடுவதிலிருந்து விலக்கு உண்டு. மொத்தப் பெட்டியில் அவை இருக்க வேண்டும். "அண்ணே, பெட்டியைக் காட்டுங்கள்" என்று கேட்கும் துணிவையும் பிள்ளைக்குக் கொடுங்கள்.

ஹலாலானதை உண்ணுங்கள் என்பதோடு மார்க்கம் நின்றுவிடவில்லை. 'தய்யிப்', அதாவது தூய்மையானது, நல்லது என்ற நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது. ஹராம் இல்லை என்பதற்காகப் பிள்ளையின் உடலைக் கெடுப்பதை வாங்கித் தரலாமா? சிந்திக்க வேண்டாமா?

இதில் நம் உரிமையும் இருக்கிறது. இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்கிறது சட்டம், தமிழ் கட்டாயமில்லை. தமிழ்வழியில் படிக்கும் ஏழைப் பிள்ளை என்ன செய்யும்? தமிழிலும் அச்சிடு என்று கேட்பது மதம் கடந்த கோரிக்கை. அனைவரோடும் சேர்ந்து கேட்போம். சிலி நாடு 2016 முதல் சர்க்கரை, உப்பு மிகுந்த பாக்கெட்டுகளின் முன்பக்கத்திலேயே கறுப்பு எச்சரிக்கை முத்திரை குத்த வைத்தது. படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும்.

நம் நாட்டிலும் 2020-ல் வந்த விதிகள், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்கின்றன. 2025-ல் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் சர்க்கரை அளவைக் காட்டும் பலகை வைக்கச் சொன்னது. நம் ஊர்ப் பள்ளியிலும் வைக்கச் சொல்லித் தலைமை ஆசிரியரை ஏன் சந்திக்கக் கூடாது?

ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். மாலையில் மக்தபுக்கு வரும் பிள்ளைகளிடம் வாரம் ஒருநாள் காலி உறைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாடம் முடிந்து பத்து நிமிடம் உட்கார்ந்து படிக்கட்டும், பெருக்கட்டும். மற்ற சமுதாயப் பிள்ளைகளையும் அழையுங்கள். உறைக்குக் காசில்லை; குப்பையில் கிடக்கிறது. இந்த வாரமே தொடங்குங்கள்!