கைபேசி வாத்தியாரும் கத்தரிக்கோலும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

என்னைப் பேசச் சொன்னதும் கை நடுங்குது. ஊக்குநர் அக்காதான், "நீ கைபேசியைப் பார்த்து நாட்டிய டிரெஸ் தைக்கக் கத்துக்கிட்ட கதையைச் சொல்லு, நாலு பேருக்கு உதவும்"னு சொன்னாங்க. சொல்றேன்.

நான் பத்தாவது வரைக்கும் படிச்சேன். ரவிக்கை, பாவாடை தைக்கத் தெரியும். நம்ம ஊர்ப் பக்கம் ஆண்டு விழா வந்தா பிள்ளைங்களுக்கு பரதநாட்டிய டிரெஸ்ஸை டவுனில்தான் வாடகைக்கு எடுப்பாங்க. ஒரு நாள் போட்டுக் கழற்றத்தான் அந்த வாடகை. அதை நாமளே தைச்சா என்னன்னு தோணுச்சு. குழுவில் பத்தாயிரம் ரூபாய் கடன் வாங்கி ஓவர்லாக் மெஷின் வாங்கினேன். ஆறு பிள்ளைங்களுக்குத் தைக்க ஆர்டரும் வந்துச்சு.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கைபேசியில் மைக் படத்தை அழுத்தி, "பரதநாட்டிய டிரெஸ் கட்டிங்"னு பேசினேன். வீடியோ வரிசையா வந்துச்சு. எழுத்து தட்டத் தெரியாதவங்களும் இப்படிப் பேசியே தேடலாம்.

இந்த டிரெஸ்ஸில் ரவிக்கை, கால்சட்டை, முன்னால் மடிப்பு வச்ச விசிறி, மேலாக்கு, பின்பக்கம் இடுப்பைச் சுற்றிவரும் துண்டுன்னு தனித்தனியா இருக்கும். நின்னா விசிறி மூடியிருக்கும். பிள்ளை முட்டியை விரிச்சு அரைமண்டியில் உட்கார்ந்தா விரியும். ஒரு வீடியோவில் இதெல்லாம் அழகா சொல்லிக் கொடுத்தாங்க. இருபது நிமிஷத்துக்கு மேல ஓடுற வீடியோ. இடையில் அந்த அம்மா ஏதோ பேசிட்டு இருக்காங்கன்னு நினைச்சு நான் தள்ளித் தள்ளி விட்டுட்டேன். வெட்டுறதை மட்டும் பார்த்தேன்.

விழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி போட்டுப் பார்க்கக் கூப்பிட்டேன். நிக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் கச்சிதமா இருந்துச்சு. "அரைமண்டி உட்காரு கண்ணு"ன்னு முதல் பிள்ளையைச் சொன்னேன். உட்கார்ந்தா. 'டர்'ருன்னு கால் கவட்டில் தையல் விட்டுப்போச்சு. பிள்ளை முகம் சுருங்கி அழ ஆரம்பிச்சிட்டா. அவங்க அம்மா ஒரு வார்த்தை பேசலை. பேசியிருந்தாக்கூட எனக்குத் தேவலாம்னு இருந்திருக்கும்.

ஆறும் ஒரே வெட்டு. அன்னிக்கு ராத்திரி அந்த வீடியோவை முதல்லேருந்து தள்ளாம பார்த்தேன். நான் தள்ளிவிட்ட இடத்தில்தான் அந்த அம்மா சொல்லியிருக்காங்க: நிக்க வச்சு மட்டும் அளவு எடுக்காதீங்க, அரைமண்டியில் உட்கார வச்சு, முன் இடுப்பிலிருந்து கால் நடுவாகப் பின் இடுப்பு வரைக்கும் டேப் பிடிங்கன்னு. வாத்தியார் சொல்லத்தான் சொல்லியிருக்கார். மாணவிதான் வகுப்பில் இல்லை.

கவட்டில் சாய்சதுரமா ஒரு துண்டு வச்சுத் தைச்சா கால் விரிய இடம் கிடைக்கும்னு இன்னொரு வீடியோவில் பார்த்தேன். ஆறையும் பிரிச்சேன். ரெண்டு ராத்திரி தூக்கமில்லை. என் மாமியார் துணியைப் பிரிச்சுக் கொடுத்தாங்க. விழா அன்னிக்கு ஆறு பிள்ளைங்களும் ஒண்ணா அரைமண்டி உட்கார்ந்தப்போ ஆறு விசிறியும் விரிஞ்சுது. நான் மேடையைப் பார்க்கலை, தையலைத்தான் பார்த்துட்டு இருந்தேன்.

அதிலிருந்து நான் கத்துக்கிட்ட சிலதை உங்களுக்குச் சொல்றேன்.

முதல் தடவை பார்க்கும்போது கத்தரிக்கோலைக் கையில் எடுக்காதீங்க. முழுசாப் பாருங்க. ரெண்டாவது தடவை நோட்டில் அளவை எழுதுங்க. அப்புறம் பழைய செய்தித்தாளில் வெட்டுங்க, அடுத்து பழைய காட்டன் சேலையில் தைங்க. பட்டுத் துணி கடைசியில்தான்.

வீடியோவில் சொல்ற அளவு அவங்க பிள்ளையோடது. வெட்டுற முறையைத்தான் நாம எடுத்துக்கணும், அளவை நம்ம பிள்ளை உடம்பில்தான் எடுக்கணும். வளர்ற பிள்ளைங்கிறதால உள்ளே பிரிச்சுவிடத் துணி விடுங்க. அடுத்த வருஷமும் அதே டிரெஸ் ஆகும்.

வெளிநாட்டு வீடியோவில் சென்டிமீட்டரில் சொல்வாங்க. பயப்பட வேண்டாம். ஒரு இஞ்ச் 2.54 சென்டிமீட்டர். நம்ம டேப்பில் ரெண்டு அளவும் இருக்கும். பாஷை புரியலைன்னாலும் கை என்ன செய்யுதுன்னு பார்த்தாலே பாதி விளங்கிடும்.

சிலர் வெட்டும் வரைபடத்தை இலவசமாத் தருவாங்க. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுக்கும்போது 100 சதவீதம்னு சொல்லி எடுங்க. பல வரைபடங்களில் அளவு பார்க்க ஒரு சின்ன சதுரம் போட்டிருப்பாங்க. அதை டேப் வச்சு அளங்க. சதுரம் சின்னதா வந்திருந்தா சட்டையும் சின்னதாத்தான் வரும். தையலுக்கு விடும் துணி அதில் சேர்ந்திருக்கா இல்லையான்னும் படிச்சுப் பாருங்க.

மத்திய அரசோட ஸ்வயம் தளத்தில் பாடங்களை இலவசமாப் படிக்கலாம். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வேணும்னாத்தான் கட்டணம். ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்திலும் தொழில் பயிற்சிகள் இருக்கு. என் அண்ணன் மகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தோட இணையதளத்தைக் காட்டினா. நம்ம நாட்டுப் பழைய துணி, உடை எல்லாம் அதில் படமா இருக்கு. பூவேலையைப் பெரிசு பண்ணிப் பார்க்கலாம். நம்ம சிதம்பரம் கோபுரத்தில் 108 கரணமும் சிற்பமா நிக்குது. அடுத்த தடவை போனா கும்பிட்டுட்டு, அந்த இடுப்புத் துணி மடிப்பு எப்படி விழுதுன்னும் பார்த்துட்டு வாங்க. அதுவும் பாடம்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். "பயிற்சிக் கட்டணம் கட்டுங்க, வீட்டிலேயே தையல் ஆர்டர் தர்றோம்"னு வந்த செய்தியை நம்பி எங்க குழுவில் ஒருத்தங்க 1,500 ரூபாய் அனுப்பினாங்க. அடுத்த நாளிலிருந்து அந்த எண் எடுக்கவே இல்லை. அவங்க வெட்கப்பட்டு ஒரு மாசம் யார்கிட்டயும் சொல்லலை. அக்கா, வெட்கப்பட வேண்டியது ஏமாத்தினவன்தான். அப்படி நடந்தா உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

இப்போ என்கிட்ட வாடகைக்கு விட எட்டு செட் இருக்கு. கடனில் இன்னும் மூணு தவணைதான் பாக்கி. அளவெடுக்கப் போனா, அழுத அந்தப் பிள்ளை நான் சொல்றதுக்கு முன்னாடியே அரைமண்டியில் உட்கார்ந்து காட்டுறா.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். தனியாப் பார்த்ததாலதான் நான் தள்ளி விட்டேன். பக்கத்தில் ஒருத்தி இருந்திருந்தா, "இரு, அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளு"ன்னு சொல்லியிருப்பா. மாசத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூட்டமைப்பு அலுவலகத்தில் தையல் தெரிஞ்சவங்க எல்லாம் சேர்ந்து உட்காருவோம். ஒருத்தி கைபேசியைப் பிடிக்கட்டும், ஒருத்தி எழுதட்டும், ஒருத்தி செய்தித்தாளில் வெட்டட்டும். செய்தித்தாள் நான் கொண்டு வர்றேன்.