பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள்

(திருப்பத்தூரில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



முகநூலில் சண்டை போடும் நம் தோழர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். கோமியம் புற்றுநோயைத் தீர்க்கும் என்று ஒருவர் எழுதுவார். உடனே நம் பக்கத்திலிருந்து, "பியர் ரிவியூ ஆன கட்டுரை இருக்கிறதா, காட்டு" என்று ஒருவர் கேட்பார். நல்ல கேள்விதான். ஆனால் அவர் நிஜமாகவே ஏதோ ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரையைக் கொண்டுவந்து போட்டுவிட்டால்? நம் ஆள் வாயடைத்துப் போகிறார். 'சாஸ்திரத்தில் இருக்கிறது' என்று அவர்கள் சொல்வதைப் போலவே 'ஆய்விதழில் வந்திருக்கிறது' என்று நாமும் சொல்லப் பழகிவிட்டோம். அதனால்தான் இன்றைக்கு இதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் ஒரு கட்டுரை எழுதி அனுப்பினால், முதலில் இதழின் ஆசிரியர் பார்ப்பார். பெரிய இதழ்களில் பெரும்பகுதி அங்கேயே திரும்பி வந்துவிடும். அதைத் தாண்டினால், அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். அவர்கள்தான் நடுவர்கள். பெரும்பாலும் கூலி கிடையாது. நானும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகள்தான் போகும். கணக்கு சரியா, முடிவு சான்றிலிருந்து வருகிறதா, வேறு விளக்கம் இருக்க முடியாதா என்று கேள்விகள் எழுதி அனுப்புவோம். கட்டுரையாளர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் போடுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர் ஆசிரியர். ஒன்றைக் கவனியுங்கள்: நடுவர் சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பதில்லை. தந்திருக்கும் அளவீடுகள் நேர்மையானவை என்று நம்பித்தான் படிக்கிறார்.

இது ஆதிகாலத்து ஏற்பாடும் அல்ல. எல்லாக் கட்டுரைகளையும் முறையாக வெளி நடுவர்களுக்கு அனுப்புவது என்ற நடைமுறை 'நேச்சர்' இதழுக்கு 1973-ல்தான் வந்தது. டி.என்.ஏ.வின் வடிவத்தைச் சொன்ன 1953-ஆம் ஆண்டுக் கட்டுரை நடுவர் யாரும் பார்க்காமலே அச்சானது. 1936-ல் 'பிசிக்கல் ரிவ்யூ' இதழ் தன் கட்டுரையை வேறொருவருக்குக் காட்டியது என்று ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த நடுவர் கண்டுபிடித்த பிழை உண்மையான பிழை. ஐன்ஸ்டைனே ஆனாலும் காட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்தான் எனக்கு இந்த முறை மேல் மரியாதை.

இனி நம் மலைக்கு வருவோம். ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே வரவிருந்தது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த நட்சத்திரத்தின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். ஒளி சில நொடிகள் மங்கி, மீண்டது. யுரேனஸுக்கு இதுவரை தெரியாத ஒரு துணைக்கோள் இருக்கிறது, அதுதான் மறைத்தது என்று எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்க விமானத்துத் தொலைநோக்கியில் எலியட் குழுவினரும் பார்த்தார்கள். கோளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கணக்கில் ஒளி மங்கியது அவர்களுக்குப் பதிவானது. வளையங்கள் என்றார்கள்.

மே 26 'நேச்சர்' இதழில் இரண்டும் வந்தன, சில பக்க இடைவெளியில். ஒன்று வளையம் என்கிறது, இன்னொன்று நிலவு என்கிறது. இரண்டையும் அச்சுக்குத் தகுதி என்று அந்த இதழ் ஏற்றிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் காவலூர்ப் பதிவிலேயே வளைய அமைப்பின் தடயங்களைக் காட்டி, அதே இதழில் எழுதினார்கள்.

இன்னொன்றும் உண்டு. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைக் காவலூரிலும் இந்தோனேசியாவிலும் பார்த்தார்கள். கனிமீடுக்குக் காற்று மண்டலம் இருக்கிறது என்று அடுத்த ஆண்டு 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. 1979-ல் வாயேஜர் விண்கலம் போய்ப் பார்த்தபோது, இருந்தால் அது பல ஆயிரம் மடங்கு மெல்லியதாகத்தான் இருக்க முடியும் என்று தெரிந்தது. இதில் யாரும் மோசடி செய்யவில்லை. 'இது விவாதத்துக்குத் தகுதியானது' என்பதற்கு மேல் அந்த முத்திரைக்குப் பொருள் இல்லை. கோமியக் கட்டுரையைக் கொண்டுவருபவரிடமும், எத்தனை பேரிடம் சோதித்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், வேறு யாராவது செய்து பார்த்து அதே முடிவு வந்ததா என்று தெம்பாகக் கேளுங்கள்.

நமக்கு இதைவிட முக்கியமான கேள்வி, அந்த நடுவரின் மேசையில் என்ன இருக்கிறது என்பது. பெரும்பாலான அறிவியல் இதழ்களில் எழுதியவருக்கு நடுவர் யாரென்று தெரியாது. நடுவருக்கு எழுதியவரின் பெயரும் நிறுவனமும் தெரியும். 1982-ல் பீட்டர்ஸ், செசி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். பெரிய பல்கலைக்கழகத்தார் எழுதி ஏற்கெனவே அச்சான 12 கட்டுரைகளை எடுத்து, பெயரையும் நிறுவனத்தையும் யாரும் கேள்விப்படாதவையாக மாற்றி, அதே இதழ்களுக்கே திரும்ப அனுப்பினார்கள். மூன்றுதான் பிடிபட்டன. மீதி ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன, முறையியல் சரியில்லை என்றெல்லாம் காரணம் சொல்லி! அங்கே கல்லூரிப் பெயர் வேலை செய்த விதம், இங்கே பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டம் வேலை செய்யும் விதம்தான்.

1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது எதற்காக? ஆளைப் பார், அவன் சொல்வதைக் கேள், பிறப்பைத் தேடாதே என்பதற்காக. எழுதியவர் பெயரையும் மறைத்துவிடும் 'இரட்டை மறைப்பு' மதிப்பாய்வை ஆய்விதழ்கள் யோசிக்கும்போது, அந்தத் தீர்மானம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. (நம் ஆட்களுக்கு இதில் ஒரு வேடிக்கை: படிவத்தில் 'குடும்பப் பெயர்' கேட்பான், நாம் அப்பா பெயரைப் போடுவோம், மின்னஞ்சலில் அப்பாவையே கூப்பிட்டுப் பாராட்டுவான்.)

பணமும் ஒரு வடிகட்டிதான். மேக்நாத் சாஹா டாக்கா அருகே ஒரு சிறு கடைக்காரர் வீட்டில், தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். கல்கத்தா விடுதியில் உடன் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். 1917-ல் அவர் 'ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்' இதழுக்கு ஒரு நீண்ட கட்டுரை அனுப்பினார். அச்சுச் செலவில் ஒரு பங்கைத் தந்தால் போடுகிறோம் என்று பதில் வந்தது. அவரிடம் பணமில்லை. ஒரு சிறு குறிப்புதான் அங்கே அச்சானது. முழுக் கட்டுரை கல்கத்தா பல்கலைக்கழகத்தின் சொந்த இதழில் வந்து, வெளியே யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அது பழங்கதை என்று நினைக்காதீர்கள். எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி கட்டுரை வெளியிட 'நேச்சர்' 2020-ல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல்.

நடுவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஆசிரியருக்குத் தெரிந்தவர்கள், ஏற்கெனவே எழுதியவர்கள், கட்டுரையாளரே பரிந்துரைக்கும் பெயர்கள். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று போகும் இந்தச் சங்கிலி நம் நாட்டில் எந்தத் தெருக்கள் வழியாகப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காவலூர் தொலைநோக்கியைச் சுற்றி வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளில் ஒருவர், அந்தத் தொலைநோக்கியில் எடுத்த அளவீடுகளுக்கு நடுவராக உட்கார என்னென்ன கதவுகள் திறக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பெயரை மறைப்பது அதில் கடைசிக் கதவு. முதல் கதவு ஊர்ப் பள்ளியில் இருக்கிறது.

ஆனாலும் அந்தக் கடைசிக் கதவையும் விடக் கூடாது. 2015 முதல் 'நேச்சர்' குழும இதழ்களில், பெயரை மறைக்க வேண்டுமா என்று கட்டுரையாளரையே கேட்கிறார்கள். பிறகு எண்ணிப் பார்த்ததில் 12 சதவீதம் பேர்தான் வேண்டும் என்றிருந்தார்கள். இந்தியா, சீனாவிலிருந்து எழுதியவர்களும், பெயர் பெறாத நிறுவனத்தாரும் அதை அதிகம் கேட்டிருந்தார்கள். அப்படி மறைத்தவர்களின் கட்டுரைகள்தான் நடுவர் வரை போகாமலே அதிகம் திருப்பப்பட்டன. முதலில் பார்க்கும் ஆசிரியருக்குப் பெயர் தெரியும். ஆகவே அடுத்து நாம் கேட்க வேண்டியது, ஆசிரியரிடமிருந்தும் பெயரை மறை என்பது. விருப்பமாக வேண்டாம், எல்லோருக்கும் விதியாக்கு என்பது. இங்கே ஆய்வு மாணவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். உங்கள் துறை இதழ்களில் இது எப்படி இருக்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள், கேட்கிறேன்.